நாகர்கோவில் மாநகராட்சியின் சுற்றுச்சூழல் உறுதிமொழியை எதைக்கொண்டு அளப்பது?

வடசேரிவாசி (கேள்வி):
2019ஆம் ஆண்டு மாநகராட்சியாக உயர்ந்த நம் ஊரில் மரக்கன்று நடுவதையும் மஞ்சப்பை வழங்குவதையும் அவ்வப்போது பார்க்கிறோம். அவற்றைக் குறை சொல்ல வரவில்லை. ஆயினும் சுற்றுச்சூழலைக் காப்போம் என்று ஒரு நகர நிர்வாகம் சொல்லும்போது, அது அன்றாட வேலையாக மாறியிருக்கிறதா என்பதை வரி கட்டும் என்னைப் போன்றவர்கள் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்:
முதலில் குப்பை வண்டியைப் பாருங்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை, காலாவதியான மருந்து, பழைய பல்பு போன்ற வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளிலேயே சொல்லப்பட்டது. பிரித்து வாங்கியது வண்டியிலும் பிரிந்தே இருக்கிறதா, ஈரக் குப்பை நுண் உரமாக்கும் மையத்துக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி. நான் முன்பு பணியாற்றிய ஓர் ஊரில், வீடுகளில் பிரித்துக் கொடுத்ததையெல்லாம் ஒரே வண்டியில் கொட்டிச் சென்றார்கள். அதைக் கண்ட மக்கள் மூன்றே மாதத்தில் பிரிப்பதை விட்டுவிட்டார்கள், மீண்டும் பழக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. கலந்த குப்பை மலையாகக் குவிந்தால், காற்றுப் புகாத அடிப்பகுதியில் மீத்தேன் உருவாகும். ஊறி வடியும் கழிவுநீர் நிலத்தடிக்கு இறங்கும். வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்கின் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சுசீந்திரம் விவசாயி:
ஆய்வாளர் ஐயா சொன்னது சரி. ஆனால் நகர எல்லைக்கு வெளியேயும் வந்து பாருங்கள். ஒழுகினசேரியைக் கடந்து வரும் பழையாறு எங்கள் ஊர் வழியாக மணக்குடியில் கடலைச் சேர்கிறது; மேலே விடப்படும் சாக்கடை கீழே வயலுக்கும் அலையாத்திச் செடிகளுக்கும்தான் வந்து சேரும். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. பெருமைதான். இருந்தாலும், பறவைக்குப் பலகை வைப்பதைவிடக் கழிவுநீரைச் சுத்திகரித்து விடுவதே எங்களுக்கு வேண்டியது.

பார்வதிபுரம் கணக்காளர்:
நிதிநிலை அறிக்கையை வாங்கிப் படியுங்கள் அண்ணாச்சி. உரமையம் கட்ட ஒதுக்கிய தொகை எல்லார் கண்ணிலும் படும். அதை ஆண்டு முழுவதும் நடத்த, ஆளுக்கும் பழுதுபார்ப்புக்கும் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதைத்தான் தேடிப் பார்க்க வேண்டும். அச்சில் கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்திலும் கேள்வி எழுப்பலாம். நாளொன்றுக்கு 100 கிலோவுக்குமேல் கழிவு உண்டாக்கும் திருமண மண்டபங்களும் விடுதிகளும் தம் ஈரக் குப்பையை இயன்றவரை தம் வளாகத்திலேயே கையாள வேண்டும் என்று விதி இருக்கிறது. அவற்றில் எத்தனை அப்படிச் செய்கின்றன என்றும் கேளுங்கள்.

வடசேரிவாசி:
மூவருக்கும் நன்றி. மண்டபக் கணக்கை அடுத்த பகுதி சபையில் கேட்கிறேன். காலாவதியான மருந்தையும் பழைய பல்பையும் எங்கள் வீட்டில் இன்றுவரை தனியாக வைத்ததில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.