மசினகுடி பக்கம் ரிசார்ட்: சின்னப் பையன், மாமனாரோட போகலாமா?

வேளச்சேரிக்காரி:

மே மாசம் பையனுக்கு லீவு. நானும் வீட்டுக்காரரும், அஞ்சு வயசுப் பையன், எழுபது தாண்டின மாமனார், நாலு பேரா மசினகுடி போகலாம்னு இருக்கோம். ஊட்டிக் கூட்டம் வேண்டாம்னுதான் அங்க. மூணு இடம் பாத்து வச்சிருக்கோம். ஒண்ணோட விளம்பரத்துல “பால்கனியில உக்காந்தே யானை பாக்கலாம்”னு போட்டிருக்கு. இன்னொண்ணு டென்ட், நடுவுல கேம்ப்ஃபயர். மூணாவது இடத்துக்குப் போன் பண்ணினா, “நைட் ஜீப் ட்ரிப் இருக்கு மேடம், கரடி, சிறுத்தை எல்லாம் காட்டுவோம், தனிக் காசு”ங்கறாங்க.

வீட்டுக்காரருக்கு மூணுமே பிடிச்சிருக்கு. எனக்குத்தான் வயித்தைக் கலக்குது. பையன் ஒரு இடத்துல நிக்க மாட்டான், நாய்க்குட்டியைப் பாத்தா பின்னாடியே ஓடிடுவான். மாமனார் விடியறதுக்கு முன்னாடி எழுந்து வாக்கிங் கிளம்பற ஆள், சொன்னாலும் கேக்க மாட்டார். மிருகம் நிஜமாவே ரிசார்ட்டுக்குள்ள வருமா, இல்ல நான்தான் ரொம்ப யோசிக்கறேனா? எதை வச்சு இடத்தை முடிவு பண்றது?

ராயல் ரைடர்:

சும்மா பயப்படாதீங்க சிஸ்டர். நாங்க பசங்க எல்லாம் வருஷா வருஷம் பைக்ல போறோம். மான், மயில் தவிர ஒண்ணும் கண்ணுல பட்டதில்ல. காசு கட்டித் தேடினாலும் யானை வராது. தைரியமா போய்ட்டு வாங்க.

மோயார்க்கரை:

நான் மசினகுடிக்காரனுங்க. முன்னாடி இங்க ரிசார்ட்டுகள்ல தோட்டம், வேலி, ராத்திரி வாட்ச்மேன் ஆளுங்க, இதெல்லாம் பாத்துக்கற வேலை. இப்ப மளிகைக்கடை வச்சிருக்கேன். யாருக்கும் ஆள் பிடிச்சுக் குடுக்க வேண்டியதில்ல, அதனால உள்ளதைச் சொல்றேன்.

மேல ஒரு தம்பி ஒண்ணுமே கண்ணுல படலைங்கறார். அவர் பாக்கல, அவ்வளவுதான். அவரை எது எது பாத்துச்சோ! உண்ணிச்செடிப் புதருக்குள்ள யானை அசையாம நின்னா பத்தடி தூரத்துல போனாலும் தெரியாது. காது ஆடினாத்தான் தெரியும். பைக்ல போறவர்ங்கறதால இன்னொண்ணு. 2025 பிப்ரவரியில வால்பாறை ரோட்டுல யானை நிக்குதுன்னு வண்டியெல்லாம் ஒதுங்கி நின்னிருக்கு. ஜெர்மனிக்காரர் ஒருத்தர் பைக்கை ஓட்டிட்டுக் கடந்து போகப் பாத்தார். அடிச்சுப் போட்டுருச்சு, உயிர் போயிருச்சு. அவரும் நிறைய ஊர் சுத்தினவராத்தான் இருந்திருப்பார்.

சரி, கேள்விக்கு வர்றேன். ரிசார்ட்டுக்குள்ள வருமா? வரும். இந்தச் சீகூர் பக்கம் முழுக்க யானை போற வழி. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சேர்ற இடத்துல, ஒரு பக்கம் நீலகிரிச் சரிவு, இன்னொரு பக்கம் மோயார் பள்ளம். நடுவுல இருக்கற இந்த மட்டத்துல நடந்துதான் முதுமலை யானை சத்தியமங்கலம் பக்கம் போய் வரணும். 2010-ல அரசு இதை யானை வழித்தடம்னு அறிவிச்சுது, 2011-ல ஹைகோர்ட் சரின்னுச்சு, 2020 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிருச்சு. நிறைய ரிசார்ட்டுக்கு சீல் விழுந்தது இந்த வழக்குலதான். அதனால முதல்ல லைசென்ஸ் இருக்கான்னு கேளுங்க. நம்பரைச் சொல்ல இழுத்தா அந்த இடம் வேண்டாம்.

ஆனா மிருகம் வருதுங்கறது மட்டும் ஆபத்தில்லீங்க. ராத்திரி வரும், வேலியோரமா நடக்கும், போயிரும். காலையில லத்தியைப் பாத்துத்தான் வந்ததே தெரியும். ஆபத்து அதைக் கூப்பிட்டு வைக்கற இடத்துலதான். நான் வேலைக்குச் சேர்ற எடத்துல முதல்ல போய்ப் பாக்கறது சமையல்கட்டுப் பின்பக்கம். மிச்சச் சோத்தைக் குழியில கொட்டி மூடாம விட்டிருந்தா ராத்திரி பன்னி வரும். கரடியும் வரும், அதுக்கு எண்ணெய் வாசம்னா போதும். நாலு தெருநாய் அந்தச் சோத்துக்கே அங்க குடியிருக்கும். நாய் இருந்தா சிறுத்தை வரும். சிறுத்தைக்கு நாயைவிட லேசான தீனி இல்ல. உங்க பையன் நாய்க்குட்டி பின்னாடி ஓடுவான்னீங்களே, எனக்கு அதைப் படிச்சதும் திக்குனு ஆயிருச்சு. பொழுது சாயற நேரத்துல புதரோரமா குனிஞ்சு விளையாடற குழந்தையும் நாயும் அதுக்கு ஒரே உசரம்தான். வால்பாறை எஸ்டேட் லைன் வீடுகள்ல சிறுத்தை தூக்கினது பெரும்பாலும் குழந்தைங்களைத்தான்.

பால்கனியில யானை காட்டறேங்கற இடத்துக்கு வர்றேன். சும்மா உக்காந்தா யானை தினம் ஒரே நேரத்துக்கு வராது. அப்படி வருதுன்னா பலாப்பழமோ உப்போ தண்ணித் தொட்டியோ ஏதோ வச்சிருக்காங்கன்னு அர்த்தம். வாழைத்தோட்டம் பக்கம் ரிவால்டோன்னு ஒரு கொம்பன் இருந்துச்சு, தும்பிக்கை நுனி அறுந்தது. பாவம்னு ஆளாளுக்குப் பழம் குடுத்துக் குடுத்து வீட்டு வாசல்ல நிக்கப் பழகிருச்சு. 2021 மே மாசம் வனத்துறை புடிச்சு க்ரால்ல, அதான் மரக்கூண்டுல, அடைச்சுது. ஆகஸ்ட்ல கழுத்துல ரேடியோ காலர் மாட்டிக் காட்டுக்குள்ள தூரமாக் கொண்டுபோய் விட்டாங்க. நடந்தே வாழைத்தோட்டத்துக்குத் திரும்பி வந்து சேந்துருச்சு. ரிவால்டோ சாது. எல்லா ஒத்தை யானையும் அப்படி இருக்காது. பழம் வாங்கிப் பழகினது, பழம் இல்லாத கையைப் பாத்தா என்ன பண்ணும்னு யாரு சொல்ல முடியும்?

அதே வருஷம் ஜனவரியில இங்க பக்கத்துல மாவனல்லாவுல நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தங்கற இடத்துக்கு வந்த யானை மேல எரியற டயரைத் தூக்கிப் போட்டாங்க. ஏற்கெனவே முதுகுல புண்ணோட சுத்திட்டிருந்தது. காது கருகி ரத்தம் கொட்டி, தெப்பக்காடு யானை முகாமுக்குக் கொண்டு போற வழியில லாரியிலயே செத்துப் போச்சு. வீடியோ வெளிய வந்தபிறகுதான் ஆளைப் புடிச்சாங்க. ஒரு பக்கம் வரவழைக்கறது, வந்தா கொளுத்தறது. நெருப்பைப் பாத்த யானை அடுத்த தடவை வெளிச்சத்தைப் பாத்து ஓடும்னு நினைக்காதீங்க. சிலது வெளிச்சத்தை நோக்கியே வரும்.

டென்ட் வேண்டவே வேண்டாம். வயநாட்டுல மேப்பாடி பக்கம் அந்த ஜனவரியிலதான் டென்ட் ரிசார்ட்டுல தங்கின ஒரு சின்ன வயசு டீச்சரம்மா யானை அடிச்சு இறந்தாங்க. துணிக்குப் பின்னாடி மனுஷன் இருக்கான்னு யானைக்கு நல்லாவே தெரியும், துணிதான் ஒண்ணையும் தாங்காது. கேம்ப்ஃபயர் எரியுதுன்னு கிட்ட வராதுங்கறதெல்லாம் சினிமாக் கதை. அதுவும் நாலு பேர் ஸ்பீக்கர் போட்டுக் கத்திட்டு இருந்தா புதர் முறியற சத்தம்கூட உங்க காதுல விழாது.

நைட் ட்ரிப் சட்டப்படி தப்பு. புலிகள் காப்பகத்துக்குள்ள தனியார் ஜீப்பு பகல்லயே போகக் கூடாது, தெப்பக்காட்டுல வனத்துறை வண்டிதான் சஃபாரி. ராத்திரி ஜீப்பு போறது மெயின் ரோட்டோரமும் ஊர் எல்லையும்தான். ஃபோகஸ் லைட்டைக் கண்ணுல அடிச்சு, குட்டியோட நிக்கற யானையைச் சீண்டிட்டு ஜீப்பு போயிரும். அந்தக் கோபம் அடுத்தாப்ல நடந்து வர்ற இருளர் வீட்டு ஆள் மேலதான் விடியும். எனக்கு இதுல ஆத்திரம் கொஞ்சம் அதிகம், மன்னிக்கணும்.

நான் பாத்தவரைக்கும் விருந்தாளிங்க மாட்டற நேரம் ராத்திரி ஏழுல இருந்து ஒம்போது, இடம் சாப்பாட்டு ஹாலுக்கும் ரூமுக்கும் நடுவுல இருக்கற பாதை. போன் வெளிச்சத்துல, கண்ணு போன்லயே இருக்க நடந்து வருவாங்க. அதனால ரிசார்ட்டைக் கூப்பிட்டு இதையெல்லாம் கேளுங்க: ராத்திரிச் சாப்பாடு ரூமுக்கு வருமா, இல்லைன்னா டார்ச்சோட ஆள் கூட வருவாரா, மிச்சச் சோறு எங்க போகுது, சோலார் வேலி வேலை செய்யுதா, ரூம் கட்டடமா டென்ட்டா. ஹால் ஒட்டியே ரூம் இருக்கற இடம் அழகு கம்மியா இருந்தாலும் அதையே எடுங்க.

கூடலூர் சிஸ்டர்:

அண்ணன் சொன்னதோட நான் கொஞ்சம் சேத்துக்கறேன். ஆஸ்பத்திரியில எங்ககிட்ட யானை அடிச்சு வர்றவங்களைவிடக் குரங்கு கடிச்சு வர்ற டூரிஸ்ட்தான் ஜாஸ்தி. பிஸ்கட் பாக்கெட் கையில இருந்தா போதும், பறிக்கற வேகத்துல நகம் பட்டுரும். கீறல்தானேன்னு விடாதீங்க. ஓடற தண்ணியில சோப்புப் போட்டுப் பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு, மஞ்சள் சுண்ணாம்பு எதுவும் வைக்காம, அன்னைக்கே வெறிநாய்க்கடி ஊசி போடணும். லீவு முடிஞ்சு சென்னை போய்ப் போட்டுக்கலாம்னு தள்ளறவங்களைத்தான் திட்டித் திட்டி எனக்குத் தொண்டை போகுது.

பாம்புக்கு: தரையில படுக்க வேண்டாம், கட்டில்ல கொசுவலை கட்டி நாலு பக்கமும் மெத்தைக்கடியில சொருகிக்கோங்க. கட்டுவிரியன் தூக்கத்துல கடிச்சா வலியே இருக்காது, பல் தடம்கூடச் சரியாத் தெரியாது. விடியக்காலம் குழந்தை வயித்து வலிங்கறான், கண்ணு சொருகுதுன்னா, சாப்பாடு ஒத்துக்கலைன்னு ஓமவாட்டர் குடுத்துட்டு உக்காராதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. கயிறு கட்டறது, கீறறது, உறியறது எதுவும் கூடாது. கையையோ காலையோ அசைக்காம வச்சு, மோதிரம் கொலுசு கழட்டிட்டுக் கிளம்புங்க. நம்ம விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும்தான். மலைக்காட்டுல இருக்கற குழிவிரியன் வகைக்கு அது வேலை செய்யாது, ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்துத்தான் வைத்தியம். பாம்பை அடிச்சுக் கொண்டு வராதீங்க, தூர நின்னு போட்டோ எடுக்க முடிஞ்சா எடுங்க, இல்லைன்னா பரவாயில்ல.

பொக்காபுரம் பையன்:

அண்ணே, எல்லாம் சரி. ஆனா இப்படி எழுதி எழுதியே ஊருக்கு வர்றவங்களைத் தொரத்திருவீங்க. ரிசார்ட் மூடினப்போ ரூம்பாய், ஜீப்பு டிரைவர், துணி துவைக்கறவங்க எத்தனை வீட்ல அடுப்பு எரியலைன்னு உங்களுக்குத் தெரியாததா?

மோயார்க்கரை:

தம்பி, என் கடைக் கணக்கு நோட்டே அதைச் சொல்லும். வர வேண்டாம்னு நான் எங்க சொன்னேன்? யானையைக் கூப்பிடற ரிசார்ட்டுக்குப் போக வேண்டாங்கறேன். 2021-ல T23 புலி சுத்தினப்போ ஊரே கதவைச் சாத்திட்டு உக்காந்திருந்தோம், நாலு பேரைக் கொன்னுருச்சு. அக்டோபர் 15 அன்னைக்கு உயிரோட புடிச்சாங்க. அத்தனை நாளும் மாடு மேய்க்கப் போக முடியாம கெடந்தது நாமதான், ஜீப்பு ஓட்டற முதலாளி இல்ல.

வேளச்சேரிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. வீட்டுக்காரரைப் படிக்க வச்சேன். டென்ட்டும் நைட் ட்ரிப்பும் வேண்டாம்னுட்டார், முகம்தான் தூக்கி வச்சிருக்கார். பால்கனி இடத்துக்கு போன் பண்ணி மிச்சச் சோறு எங்க போகுதுன்னு கேட்டேன். “அது எதுக்கு மேடம் உங்களுக்கு?”ன்னாங்க. ஊருக்குள்ளயே, பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு லாட்ஜ் பாத்திருக்கோம், மாடியில ரூம். மாமனார் வாக்கிங்தான் இன்னும் பாக்கி. அவர் ஃபோரம் எல்லாம் படிக்க மாட்டார்.

மோயார்க்கரை:

ஊருக்குள்ள லாட்ஜ்னா நல்ல முடிவு. மாமனார்கிட்ட யானைன்னு சொன்னா கேக்க மாட்டார், வயசானவங்க எல்லாம் அப்படித்தான். வெயில் வந்தபிறகுதான் டீக்கடை திறக்கும்னு சொல்லி வைங்க. பொய்தான், பரவாயில்ல. வெளிச்சம் வந்ததும் கடைத்தெரு வழியா நடக்கட்டும், சிங்காரா ரோட்டுப் பக்கம் மட்டும் திரும்ப வேண்டாம். பையனுக்கு யானை காட்டணும்னா சாயங்காலம் தெப்பக்காடு முகாமுக்குக் கூட்டிட்டுப் போங்க. ராகியும் கொள்ளும் வேக வச்சு உருட்டிப் பாகனுங்க யானை வாயில ஊட்டுவாங்க, தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்கலாம். டிக்கெட் நேரம் மாறிட்டே இருக்கும், முந்தின நாளே கேட்டுக்கோங்க. ராத்திரி ஒம்போதுக்கு பந்திப்பூர் ரோட்டுல செக்போஸ்ட் மூடிரும், மைசூர்ப் பக்கம் போற எண்ணம் இருந்தா அதுக்கு முன்னாடியே தாண்டிருங்க.