புதிய மருந்து போட்டதும் நாட்டுத் துப்பாக்கியின் உதை கூடிவிட்டது: எந்தப் பருமன் சரி?

கேள்வி (அந்தியூர்)

வணக்கமுங்க. அந்தியூரிலிருந்து பர்கூர் மலைக்குப் போகும் வழியில் எங்கள் தோட்டம் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்காக அப்பா காலத்திலிருந்து உரிமத்தோடு ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி ஒன்று வைத்திருக்கிறோம். வாய்ப்பக்கம் மருந்து கெட்டித்து, குழலின் பின்பக்கம் இருக்கும் துளைக்குமிழான நிப்பிளில், அடிபட்டால் தீப்பொறி தரும் கேப் வைத்துச் சுடும் 12 போர் (குழல் வாயின் அளவு) வகை அது. பழைய மருந்து தீர்ந்த பிறகு வாங்கிய புதிய டப்பாவிலிருந்து, வழக்கமான அதே பித்தளை அளவையால் அளந்து, அதே ரவையை (ஈயக் குண்டுமணிகளை) போட்டு மண்மேட்டை நோக்கிச் சுட்டுப் பார்த்தேன். தோளில் விழுந்த உதை முன்பைவிடப் பலமாக இருந்ததோடு, கேப்பை அடிக்கும் குதிரை தானாகவே பாதி தூரம் பின்னால் எழும்பி நின்றது; கேப்பும் சிதறிவிட்டது. டப்பாவின் மேல் பருமன் எதுவும் குறிக்கப்படவில்லை. அளவைக் குறைத்தால் போதுமா, மருந்தையே மாற்ற வேண்டுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (ஈரோடு, துப்பாக்கிப் பழுது பார்ப்பவர்)

தம்பி, முதலில் அந்த மருந்தை இனிமேல் கெட்டிக்காமல் தனியே எடுத்து வையுங்கள். அளவை மாறாமல் உதை மட்டும் கூடியிருப்பதால், மருந்தின் குருணை பழையதைவிடப் பொடியாக இருக்கிறது என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். கருமருந்து, அதாவது நீங்கள் கெட்டிக்கும் இந்த மருந்து, ஒவ்வொரு மணியின் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிகிறது. மணி சிறுத்தால் அதே எடைக்கு மேற்பரப்பு கூடிவிடும்; மருந்து முழுவதும் முன்னதாகவே எரிந்து, ரவை குழலுக்குள் அதிக தூரம் நகரும் முன்பே அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடும். பழைய நாட்டுக் குழல்களின் அடிப்பகுதியில் உள்துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது என்பதால், அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று சுட்டுப் பார்த்துச் சோதிக்கக் கூடாது.

உலகெங்கும் வழங்கும் குறியீட்டில் எஃப் எழுத்து கூடக் கூட மணி சிறுக்கிறது. ஒரு எஃப் மருந்து ஏறக்குறைய 1.2 முதல் 1.7 மில்லிமீட்டர் வரை இருக்கும். பெருவாய்த் துப்பாக்கிகளுக்கு அது ஏற்றது. இரண்டு எஃப் 0.6 முதல் 1.2 மில்லிமீட்டர், உங்களுடைய 12 போர் வகைக்குப் பொதுவாகப் போடுவது இதுதான். மூன்று எஃப் 0.3 முதல் 0.85 மில்லிமீட்டர், சிறுவாய்த் துப்பாக்கிக்கும் கைத்துப்பாக்கிக்கும் உரியது. நான்கு எஃப் சக்கிமுக்கித் துப்பாக்கியின் கிண்ணத்தில் தூவுவதற்கானது. அதைக் குழலுக்குள் முழு மருந்தாக ஒருபோதும் கெட்டிக்கக் கூடாது.

அடுப்பும் பீடியும் பக்கத்தில் இல்லாத இடத்தில், ஒரு சிட்டிகை மருந்தை வெள்ளைத் தாளில் பரப்பிப் பள்ளிக்கூட ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல இரண்டு எஃப் மணி கேழ்வரகைவிடச் சற்றுச் சிறியதாக, மூலை முனையோடு, கிராஃபைட் (பென்சில் கரி) பூசிய பளபளப்போடு தெரியும். விரலில் கறுப்பாக ஒட்டும் மாவு கலந்திருந்தால், அந்தத் தூசியே அழுத்தத்தைக் கூட்டுவதற்குப் போதும். கட்டி தட்டியிருந்தாலும் இடித்து உடைக்காதீர்கள். பருமன் தெரியாத மருந்தில் அளவைக் குறைத்துச் சுடுவதைத் தீர்வாக நான் ஏற்க மாட்டேன். எவ்வளவு குறைத்தால் போதும் என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்?

குதிரை எழும்பியதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். நிப்பிளின் துளை பல வருடம் சுட்டுத் தேய்ந்து அகன்றிருந்தால், சாதாரண அழுத்தமே அதன் வழியாகப் பின்னால் பாய்ந்து குதிரையைத் தூக்கிவிடும். ஆனால் தேய்ந்த நிப்பிள் மட்டும் தோளில் உதையைக் கூட்டாது. ஆகையால் இரண்டையும் பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிகவும் நன்றிங்க அண்ணா. ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். பெரும்பாலான மணிகள் அரை மில்லிமீட்டரைக்கூடத் தொடவில்லை, அடியில் மாவும் இருக்கிறது. இன்னும் இரண்டு சங்கதிகள் கேட்க வேண்டும். அன்று சுட்ட பிறகு அதே மருந்தை மறுபடியும் கெட்டித்து வைத்தேன். இப்போது குழலுக்குள் அது அப்படியே இருக்கிறது. அடுத்து, கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் மச்சான் மகன், கோயில் நோம்பிக்குச் சத்தம் போடச் சிறிய பித்தளைப் பீரங்கி ஒன்று கடைந்து தருவதாகவும், மீதி மருந்தை அதற்குப் பயன்படுத்தலாம் என்றும் சொல்கிறான்.

பதில் (சென்னிமலைக்காரர், இப்போது டெக்சாஸில்)

பீரங்கியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். இங்கே மாதிரிப் பீரங்கி சுடுவது பலருக்குப் பொழுதுபோக்கு. வாய் அகலமாகவும் மருந்து அதிகமாகவும் இருப்பதால், பீரங்கிக்கு ஒரு எஃப் அல்லது அதைவிடப் பருத்த, பீரங்கிக்கென்றே விற்கும் குருணையைத்தான் போடுவார்கள். உங்கள் டப்பாவில் இருப்பது போன்ற பொடியை அந்த அளவில் போட்டால் குழலே வெடித்துச் சிதறலாம். கூட்டத்துக்கு நடுவில் அது நடந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் மச்சான் மகன் யோசிக்க வேண்டும். வார்த்த பித்தளைக்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக்குமிழ் இருக்கலாம் என்பதால், வார்ப்புப் பீரங்கிகளுக்குள் ஒட்டு இணைப்பு இல்லாத எஃகுக் குழாயைச் செருகித்தான் இங்கே செய்கிறார்கள். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஈரத் துடைப்பான் விட்டுக் கங்குகளை அணைத்து, உலர்துடைப்பானால் துடைத்து, இடைவெளி விட்ட பிறகே அடுத்த மருந்தைத் அலுமினியத்தாளில் பொதிந்து உள்ளே தள்ளுவார்கள்.

இவ்வளவு ஒழுங்கு இருந்தாலும், அங்கே செய்ய வழியில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் பீரங்கி தடைசெய்யப்பட்ட ஆயுதங்களின் வகையில் வருகிறது. உரிமமில்லாமல் கடைவதும் குற்றம். நோம்பிக்கு உரிமம் பெற்ற வாணவேடிக்கைக்காரரையே அழையுங்கள்.

பதில் (ஈரோடு)

நானும் அதையேதான் சொல்வேன். குழலில் இருக்கும் மருந்தைச் சுட்டுத் தீர்க்கலாம் என்று நினைக்காதீர்கள். கேப்பை எடுத்துவிட்டு, குதிரைக்கும் நிப்பிளுக்கும் நடுவே ஒரு தோல் துண்டை வைத்து, வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பிப் பூட்டி வையுங்கள். உரிமம் உள்ள பழுது பார்ப்பவரைத் தோட்டத்துக்கே வரவழையுங்கள். அவர் நிப்பிளைக் கழற்றி, அந்தத் துளை வழியாகத் தண்ணீர் விட்டு மருந்தை நன்றாக ஊறவைத்த பிறகுதான் மருந்தையும் ரவையையும் அடைத்திருக்கும் தக்கையைத் திருகுக் கம்பியால் இழுத்தெடுப்பார். ஈரமான கருமருந்து தீப்பற்றாது என்றாலும் காய்ந்தால் மறுபடியும் பற்றும் என்பதால், வெளியே வந்ததை நிறையத் தண்ணீரில் கரைத்துவிட வேண்டும். நிப்பிளையும் அப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

மருந்துக்குப் பதிலாகப் பட்டாசைப் பிரித்த பொடியையோ, தோட்டாவிலிருந்து எடுத்த புகையில்லா மருந்தையோ போடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பட்டாசில் அலுமினியத்தூள் கலந்த வெடி இருக்கும். புகையில்லா மருந்தின் அழுத்தம் கருமருந்துக் குழலைப் பிளந்துவிடும். இரண்டுமே கையையும் கண்ணையும் வாங்கிவிடும்.

டப்பாவை விற்ற கடையிலேயே உரிமப் புத்தகத்தைக் காட்டித் திருப்பிக் கொடுத்து, இரண்டு எஃப் என்று முத்திரை உள்ள மருந்தைக் கேட்டு வாங்குங்கள். உரிமத்தில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் வாங்காதீர்கள். கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்தால், காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைத்துவிடுங்கள், தம்பி.

கேள்வி கேட்டவர்

தோல் துண்டை வைத்துத் துப்பாக்கியைப் பூட்டிவிட்டேன் அண்ணா. மச்சான் மகனிடம் பீரங்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டப்பாவை நாளைக் காலையில் கடைக்குக் கொண்டுபோகிறேன்.