எல்ஸ்வேர் ஃபாண்டூ நிஜத்துல செய்ய டிப்ஸ் வேணும்

கேள்வி: ஸ்கைரிம்ங்கற வீடியோ கேமோட குக்புக் வாங்கினதுல இருந்து எல்ஸ்வேர் ஃபாண்டூ (உருக்கின சீஸ்ல ரொட்டி முக்கிச் சாப்பிடுற டிஷ்) மேலதான் கண்ணு, கேம்ல ஏல் (ஒரு வகை பீர்), ஐடார் சீஸ், மூன் சுகர் மூணையும் பானையில போட்டா முடிஞ்சுது, வீட்ல சீஸ் திரியாம வர என்ன பண்ணணும்?

பதில் 1: ஐடார்ல நீல நரம்பு ஓடும், அதனால கொஞ்சம் ப்ளூ சீஸ், மீதி க்ரூயேர்ங்கற ஸ்விஸ் சீஸ். துருவி கார்ன்ஃப்ளோர்ல பிரட்டி, சூடான ஏல்ல கொஞ்சம் கொஞ்சமா தூவிக் கிளறிட்டே இருங்க, கொதிக்க விட்டா கட்டி தட்டி எண்ணெய் கக்கிடும்.

பதில் 2: எலுமிச்சை சாறு ஒரு ஸ்பூன் கட்டாயம், அந்தப் புளிப்புதான் சீஸை இழைய வைக்கும்.

பதில் 3: கசப்பு கம்மியான ஏலா எடுங்க, சுண்டுனா கசப்பு ஏறும். மூன் சுகருக்குப் பதிலா சர்க்கரை ஒரு சிட்டிகை போதும். கேம்ல இத சாப்பிட்டா மேஜிக்கா (மந்திர சக்தி) 100 ஏறி 12 நிமிஷம் நிக்கும், என் ஃபேவரிட் டிஷ்!