இரவு பேக்கப் ஓடும்போது மட்டும் ஒரு கட்டிடத்தில் வருகைப்பதிவுக் கருவிகளின் இணைப்பு விட்டுப்போகிறது

கேள்வி: நைட்ஷிஃப்ட்

வணக்கம். எங்கள் தொழிற்சாலையில் இரண்டு கட்டிடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சிஸ்கோ லேயர் 3 ஸ்விட்ச் (நெட்வொர்க்குகளுக்கு இடையே ரவுட்டும் செய்யக்கூடியது) உள்ளது; அவற்றை இங்கே ஏ, பி என்று குறிப்பிடுகிறேன். இரண்டையும் 10 ஜிபிபிஎஸ் ஃபைபர் ட்ரங்க் இணைக்கிறது. முதல் கட்டிடத்தின் ஆக்சஸ் ஸ்விட்ச்கள் (கணினிகளும் கருவிகளும் நேரடியாக இணைபவை) ஏ-யிலும், இரண்டாம் கட்டிடத்தின் ஆக்சஸ் ஸ்விட்ச்கள் பி-யிலும் ஒற்றை அப்லிங்கில் தொங்குகின்றன.

ஸ்விட்ச்களில் இரண்டு விலான்கள் (தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க்குகள்) உள்ளன. விலான் 10 கணினிகளுக்கு உரியது. சர்வர்கள், பிரிண்டர்கள், விரல்ரேகை வருகைப்பதிவுக் கருவிகள் எல்லாம் விலான் 30-இல் உள்ளன. பேக்கப் எடுக்கும் நாஸ் (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) முதல் கட்டிடத்தில், அதே விலான் 30-இல் இருக்கிறது. இரண்டு ஸ்விட்ச்களும் எச்எஸ்ஆர்பி முறையில் ஒரே கேட்வே முகவரியைப் பகிர்கின்றன; ஆக்டிவாக இருப்பதே அந்த முகவரிக்கு வரும் டேட்டாவை வாங்கும். இரண்டு விலான்களுக்கும் எச்எஸ்ஆர்பி ஆக்டிவ் ஏ-வாகத்தான் இருந்தது. சுமையைப் பகிர்ந்துகொள்ளட்டும் என்று கடந்த மாதம் விலான் 10-ஐ மட்டும் பி-க்கு மாற்றினோம்.

இரவு 9.30-க்கு இரண்டாம் கட்டிடத்துக் கணினிகளின் பேக்கப் தொடங்குகிறது. அதன்பின் அதே கட்டிடத்து வருகைப்பதிவுக் கருவிகள் சர்வரை எட்ட முடியாமல் திணறுகின்றன. 10 மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது தொழிலாளர்கள் விரலை வைத்துவிட்டு வரிசையில் காத்து நிற்கிறார்கள். பேக்கப் முடிந்தவுடன் யாரும் எதையும் தொடாமலேயே எல்லாம் சரியாகிவிடுகிறது. முதல் கட்டிடத்தில் இந்தத் தொல்லை அறவே இல்லை.

ஸ்விட்ச்களின் சிபியூ பயன்பாடு எப்போதும்போலக் குறைவாகவே உள்ளது. ஆனால் கருவி இணைந்துள்ள 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் அந்நேரம் பார்த்தால், அவுட்புட் ரேட் 90 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டி நிற்கிறது, அவுட்புட் டிராப்ஸ் ஏறிக்கொண்டே போகிறது. இன்புட் ரேட்டோ சில கேபிபிஎஸ்தான். ஒரு விரல்ரேகைக் கருவிக்கு இவ்வளவு டேட்டாவை அனுப்புவது யார் என்பதே என் கேள்வி.

பதில்: லூப்தேடி

லூப்பாக (ஃப்ரேம்கள் ஸ்விட்ச்களுக்குள் ஓயாமல் சுற்றிவருவது) இருக்குமோ என்ற ஐயம் முதலில் எழுகிறது. அந்தப் போர்ட்டின் பிராட்காஸ்ட், மல்டிகாஸ்ட் கவுன்டர்கள் வேகமாக ஏறுகின்றனவா, லாகில் மேக் ஃப்ளாப்பிங் (ஒரே மேக், அதாவது வன்பொருள் முகவரி, போர்ட் மாறி மாறித் தெரிவது) செய்தி ஏதும் வருகிறதா, ‘ஷோ ஸ்பானிங்-ட்ரீ டீடெய்ல்’ கொடுத்தால் விலான் 30-இல் கடைசி டோபாலஜி சேஞ்ச் (இணைப்பு அமைப்பில் மாற்றம்) எப்போது நடந்ததாகக் காட்டுகிறது என்ற மூன்றையும் பாருங்கள். பேக்கப் நேரத்தில் மட்டும் வருவதால் லூப்புக்கு வாய்ப்புக் குறைவு என்றாலும், விலக்கிவிட்டு நகர்வது நல்லது.

அதைவிட முக்கியமாக, இரண்டாம் கட்டிடத்தில் விலான் 30-இல் காலியாக உள்ள ஒரு சாதாரண போர்ட்டில் லேப்டாப்பைச் செருகி, வரும் ஃப்ரேம்களைக் காட்டும் வயர்ஷார்க்கை ஓடவிடுங்கள். மிரர் (வேறு போர்ட்டின் டேட்டாவை நகலெடுத்து அனுப்புவது) எதுவும் போட வேண்டாம். அந்த லேப்டாப்புக்குச் சம்பந்தமில்லாத யூனிகாஸ்ட் (ஒரே பெறுநருக்கான) ஃப்ரேம்கள் அங்கே கண்ணில் பட்டால் வழி தெரிந்துவிடும்.

நைட்ஷிஃப்ட்

நன்றி ஐயா. பிராட்காஸ்ட் கவுன்டரில் அசாதாரணமாக ஒன்றுமில்லை. மேக் ஃப்ளாப்பிங் செய்தியும் இல்லை. டோபாலஜி சேஞ்ச் காலையில் கணினிகளை ஆன் செய்யும் வேளையில் சில முறை பதிவாகிறது, இரவில் இல்லை.

வயர்ஷார்க்கில் நீங்கள் சொன்னதே நடந்தது. லேப்டாப்புக்கு வரும் ஃப்ரேம்களில் பெரும்பாலானவை பேக்கப் டேட்டா. சோர்ஸ் ஐபி விலான் 10 கணினிகளுடையது, டெஸ்டினேஷன் ஐபி நாஸ்ஸுடையது. சோர்ஸ் மேக் முகவரி பி ஸ்விட்சின் விலான் 30 இன்டர்ஃபேஸுக்கு உரியது. டெஸ்டினேஷன் மேக் நாஸ்ஸுடையதேதான், பிராட்காஸ்ட் அல்ல. முதல் கட்டிடத்திற்குப் போக வேண்டிய டேட்டா ஏன் இங்கே எல்லாப் போர்ட்டிலும் கொட்டுகிறது?

பதில்: ஹெக்ஸ்டம்ப்

இது அன்னோன் யூனிகாஸ்ட் ஃப்ளடிங். உங்கள் கேள்வியில் போகிறபோக்கில் சொன்ன எச்எஸ்ஆர்பி மாற்றத்தில்தான் காரணம் இருக்கிறது.

விலான் 10-க்கு இப்போது பி ஆக்டிவ் என்பதால், கணினிகள் அனுப்பும் பாக்கெட்டை பி வாங்குகிறது. விலான் 30 அதற்கு நேரடியாக இணைந்த நெட்வொர்க் ஆகையால், ஏ-யிடம் கொடுக்காமல் தானே ரவுட் செய்து, நாஸ்ஸின் மேக் முகவரியை எழுதி விலான் 30-க்குள் இறக்கிவிடுகிறது. நாஸ் அனுப்பும் மறுமொழியோ, விலான் 30-க்கு ஏ ஆக்டிவ் என்பதால், ஏ-யின் வாசலோடு நின்று அங்கிருந்து ரவுட் ஆகித் திரும்புகிறது. போகும் வழி ஒன்று, வரும் வழி வேறொன்று. ஐபி அளவில் இதில் குற்றமில்லை. அதனால்தான் பேக்கப் தடையின்றி முடிகிறது.

சிக்கல் லேயர் 2-இல் வருகிறது. ஒரு மேக் முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை, அந்த முகவரியிலிருந்து வரும் ஃப்ரேமைப் பார்த்துத்தான் ஸ்விட்ச் கற்றுக்கொள்கிறது. நாஸ் அனுப்பும் ஃப்ரேம் எதுவும் பி-யின் கண்ணில் படுவதில்லை. சிஸ்கோ ஸ்விட்சின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில் மேக் டேபிள் பதிவு இயல்பாக 300 நொடிகளில் காலாவதியாகும். ஏஆர்பி பதிவு (எந்த ஐபிக்கு எந்த மேக் முகவரி என்ற குறிப்பு) 14400 நொடிகள், அதாவது 4 மணி நேரம், உயிரோடிருக்கும். ஆகவே முதல் 5 நிமிடம் கழிந்தபின், நாஸ்ஸின் மேக் முகவரி என்ன என்பது பி-க்குத் தெரியும், அது எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பது தெரியாது. தெரியாத முகவரிக்கு வரும் ஃப்ரேமை, வந்த போர்ட்டைத் தவிர, அந்த விலானின் எல்லாப் போர்ட்டுகளிலும் அனுப்புவது ஸ்விட்சின் இயல்பு. ட்ரங்க் வழியாக ஏ-க்குப் போகும் பிரதி, ஏ-க்கு நாஸ்ஸின் இடம் தெரியும் என்பதால், நேரே அதனிடம் சேர்கிறது. பி-யின் கீழுள்ள ஆக்சஸ் ஸ்விட்ச்களுக்கும் தெரியாது என்பதால், அங்கே ஒவ்வொரு போர்ட்டிலும் கொட்டுகிறது. இரண்டாம் கட்டிடம் மட்டும் பாதிக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

விலான் 30-இல் உள்ள மற்ற சர்வர்களுக்கு ஏன் இப்படி ஆகவில்லை என்ற கேள்வி வரலாம். விண்டோஸ் சர்வர்கள் அவ்வப்போது ஏதாவது பிராட்காஸ்ட் செய்துகொண்டே இருப்பதால், பி-யின் மேக் டேபிளில் அவற்றின் பதிவு புதுப்பிக்கப்பட்டுவிடும். உங்கள் நாஸ் நிலையான ஐபியுடன் ஓடும் லினக்ஸ் பெட்டியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அது தன் கேட்வேயின் ஏஆர்பி பதிவைக்கூட முதலில் யூனிகாஸ்ட்டிலேயே கேட்டுச் சரிபார்க்கும். வாய் திறக்காத ஆசாமி.

உறுதிசெய்ய எளிய வழி இருக்கிறது. பேக்கப் ஓடும்போது பி-யில் ‘ஷோ ஐபி ஏஆர்பி’ கொடுத்தால் நாஸ்ஸின் பதிவு இருக்கும். அதே மேக் முகவரியை ‘ஷோ மேக் அட்ரஸ்-டேபிள் அட்ரஸ்’ கட்டளையில் தேடினால் இருக்காது. பிறகு பி-யிலிருந்தே நாஸ்ஸுக்கு ஒரு பிங் கொடுங்கள். அதன் மறுமொழி பி-யின் சொந்த முகவரிக்கு வந்தாக வேண்டும் என்பதால் ட்ரங்க் வழியாக வரும், பி கற்றுக்கொள்ளும், ஃப்ளடிங் அந்தக் கணமே நிற்கும். 300 நொடிகள் கழித்து மீண்டும் தொடங்கும்.

சரிசெய்ய, மேக் ஏஜிங் (மேக் டேபிள் பதிவு காலாவதியாகும்) நேரத்தை 14400 ஆக உயர்த்தி இரண்டையும் சமமாக்கிவிடலாம்.

பதில்: பழையகேபிள்

நோய் கண்டறிந்தது மிகச் சரி. மருந்தில் எனக்கு உடன்பாடில்லை.

மேக் ஏஜிங்கை உயர்த்துவது நெட்வொர்க் அமைதியாக இருக்கும்வரைதான் பலன் தரும். லூப்பைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயில் டோபாலஜி சேஞ்ச் ஒன்று வந்தால், பழைய 802.1டி முறையில் ஏஜிங் நேரம் ஃபார்வர்ட் டிலே அளவுக்கு, அதாவது இயல்பாக 15 நொடிகளுக்கு, இறங்கிவிடும்; ராபிட் ஸ்பானிங் ட்ரீயில் பதிவுகள் உடனே அழிக்கப்படும். ஏஆர்பி டேபிளோ அப்படியே நிற்கும். நீங்கள் 14400 என்று எழுதியிருந்தாலும், ஒரு டோபாலஜி சேஞ்சுக்குப் பிறகு அடுத்த ஏஆர்பி புதுப்பிப்பு வரும்வரை, மோசமான நிலையில் ஏறத்தாழ 4 மணி நேரம், ஃப்ளடிங் தொடரக்கூடும்.

ஆகவே ஏஆர்பி நேரத்தைக் குறையுங்கள். இரண்டு ஸ்விட்ச்களிலும் விலான் 10, விலான் 30 இன்டர்ஃபேஸ்களில் ‘ஏஆர்பி டைம்அவுட் 240’ போதும். மேக் பதிவு சாகும் முன்பே ஸ்விட்ச் ஏஆர்பி கேட்கும், மறுமொழி வரும், மேக் டேபிளும் புதுப்பிக்கப்படும். சில நூறு கருவிகளுக்கு இதனால் கூடும் ஏஆர்பி சுமை பொருட்படுத்தத் தக்கதல்ல. சிஸ்கோவே பின்னால் வந்த என்எக்ஸ்-ஓஎஸ்ஸில் ஏஆர்பியை 1500 நொடிகளாகவும் மேக் ஏஜிங்கை 1800 நொடிகளாகவும் வைத்திருப்பதைக் கவனியுங்கள். எது குறைவாக இருக்க வேண்டும் என்பதில் அங்கே ஐயமே இல்லை.

இன்னொன்று. விலானுக்கு விலான் ஆக்டிவை மாற்றிவைத்துச் சுமையைப் பகிர்வது பாடப்புத்தகத்தில் அழகாக இருக்கும். இரண்டு லேயர் 3 ஸ்விட்ச்கள் உள்ள ஒரு தொழிற்சாலையில் பகிர்ந்துகொள்ளும் அளவுக்குச் சுமை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் இரண்டையும் ஏ-யிலேயே வைத்துவிடலாம். வருகைப்பதிவுக் கருவிகளைச் சர்வர்களோடு ஒரே விலானில் வைத்திருப்பதும் தேவையற்றது. அவற்றுக்குத் தனி விலான் கொடுங்கள். ‘ஸ்விட்ச்போர்ட் பிளாக் யூனிகாஸ்ட்’ போட்டு ஃப்ளடிங்கைத் தடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தானாகப் பேசாத கருவியின் பதிவு காலாவதியானபின் அதனை எட்டும் வழியே அந்த ஃப்ளடிங்தான்.

நைட்ஷிஃப்ட்

ஹெக்ஸ்டம்ப் சொன்ன சோதனையைச் செய்தேன். பி-யில் ஏஆர்பி பதிவு இருந்தது. மேக் பதிவு இல்லை. பிங் கொடுத்தவுடன் கருவியின் போர்ட்டில் அவுட்புட் ரேட் சரிந்தது. ஐந்து நிமிடத்தில் பழையபடி ஏறியது. நாஸ் லினக்ஸில்தான் ஓடுகிறது.

பிறகு ஏஆர்பி டைம்அவுட்டை 240 ஆக மாற்றினேன். நேற்றிரவு பேக்கப் முழுவதும் அந்தப் போர்ட்டில் டிராப்ஸ் ஒன்றுகூட ஏறவில்லை. ஷிஃப்ட் மாறும்போது வரிசையும் இல்லை. தனி விலானுக்கு அனுமதி கேட்டிருக்கிறேன். விலான் 10-ஐ ஏ-க்குத் திருப்புவது பற்றி மேலாளர் முடிவு செய்வார். காலையில் வரும் டோபாலஜி சேஞ்ச்கள் பற்றி நான் கவலைப்பட வேண்டுமா?

பதில்: பழையகேபிள்

பட வேண்டும். ஒரு கணினியை ஆன் செய்வது டோபாலஜி சேஞ்சாகப் பதிவாகிறது என்றால், அந்தப் போர்ட்டில் போர்ட்ஃபாஸ்ட் (இங்கே கணினி போன்ற கருவிதான் இணையும் என்று ஸ்பானிங் ட்ரீக்குச் சொல்லும் அமைப்பு) இல்லை என்று பொருள். ‘ஷோ ஸ்பானிங்-ட்ரீ டீடெய்ல்’ காட்டும் விவரத்தில், கடைசி மாற்றம் எந்தப் போர்ட்டிலிருந்து வந்தது என்றும் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்தடுத்த ஸ்விட்சாகக் கீழே இறங்கிப் போனால் உரிய ஆக்சஸ் ஸ்விட்ச் அகப்படும். அதில் கணினிகள், பிரிண்டர்கள் இணையும் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட்டையும், கூடவே பிபிடியு கார்டையும் (அங்கே தவறி ஒரு ஸ்விட்ச் செருகப்பட்டால் போர்ட்டை மூடுவது) போடுங்கள். அப்லிங்க் போர்ட்டில் மட்டும் இரண்டையும் போட்டுவிடாதீர்கள்.