புதுப்பள்ளியில் 53 ஆண்டுகள்: உம்மன் சாண்டியை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி – பொருநை வாசகன்

நீண்ட காலம் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர்களைப் பற்றி எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். இந்தப் பேச்சை எடுத்தாலே நமக்குக் கலைஞர் கருணாநிதிதான் நினைவுக்கு வருவார். 1957இல் குளித்தலையில் தொடங்கி 2016இல் திருவாரூர் வரை 13 முறை வென்றவர் அவர். ஆனால் தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணாநகர், துறைமுகம், சேப்பாக்கம் என்று அவர் தொகுதி மாறிக்கொண்டே வந்தார். கேரளத்தின் முன்னாள் முதலமைச்சர் உம்மன் சாண்டியோ 1970இல் கோட்டயம் மாவட்டத்தின் புதுப்பள்ளியில் வென்று, 2023 ஜூலை 18 அன்று மறையும்வரை அதே தொகுதியில் 12 தேர்தல்களில் வெற்றி பெற்றார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆட்சியை மாற்றிவிடும் பழக்கமுள்ள மாநிலத்தில் ஒரு தொகுதி மட்டும் ஒரே மனிதரை விடாமல் வைத்துக்கொண்டது எப்படி என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி: அவரைப் பற்றி நான் படித்தவை பெரும்பாலும் அவருடைய எளிமையையும், கசங்கிய கதர்ச் சட்டையையும், மனு வாங்கிய பொறுமையையும் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. அவைக்குள் அவர் எப்படிப்பட்டவர் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1 – மீனச்சிலாற்றங்கரை

கோட்டயத்தில் வங்கிப் பணியில் இருந்தவன் என்ற முறையில் உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

புதுப்பள்ளி தொடக்கத்திலிருந்தே காங்கிரஸ் கோட்டை என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியன்று. 1967இல் அங்கே வென்றவர் மார்க்சிஸ்ட் கட்சியின் இ.எம். ஜார்ஜ். கேரள மாணவர் சங்கத்திலும் இளைஞர் காங்கிரஸிலும் ஏ.கே. ஆண்டனிக்குப் பின்னால் வளர்ந்து வந்த உம்மன் சாண்டி, 1970இல் தம் 26ஆம் வயதில் அந்த ஜார்ஜைத் தோற்கடித்துத்தான் அவைக்குள் நுழைந்தார். காங்கிரஸ் பிளவுபட்டிருந்த அந்த நேரத்தில் இளைஞர்களுக்கு இடம் கிடைத்தது; ஆண்டனியும் அதே தேர்தலில்தான் சேர்த்தலையிலிருந்து முதன்முறையாக வந்தார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1980இல் ஆண்டனி அணி இடதுசாரிகளுடன் கூட்டணியில் இருந்தது. அடுத்த ஆண்டே இடதுசாரி முதலமைச்சர் நாயனாரின் அரசுக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொண்டு, காங்கிரஸின் மற்றொரு தலைவரான கருணாகரன் பக்கம் வந்தது. 1982இல் எதிர் அணியில் நின்று அதே மக்களிடம் வாக்குக் கேட்டபோதும் புதுப்பள்ளி அவரைத்தான் தேர்ந்தெடுத்தது. பிற்காலத்தில் தொகுதியின் பெரும்பாலான பஞ்சாயத்துகள் இடது முன்னணியின் கைக்குப் போன பிறகும், சட்டமன்றத் தேர்தல் என்று வந்தால் கணக்கு வேறாக இருந்தது. மக்கள் வாக்களித்தது கட்சிக்கு மட்டும் அன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. அவர் சார்ந்த ஆர்த்தடாக்ஸ் சபையினர் அங்கே கணிசமாக இருப்பது துணைக்காரணம்தான். அது மட்டுமே 53 ஆண்டுகள் தாங்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய வீட்டு முற்றம் எப்படியிருக்கும் என்பதைப் பார்த்திருக்கிறேன். என்னுடன் பணியாற்றிய ஒருவர் தம் தாயாரின் சிகிச்சைக்கு முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து உதவி கேட்டு மனுவுடன் சென்றபோது நானும் உடன் போயிருந்தேன். வரிசை என்று எதுவும் இல்லை. அவர் நின்றுகொண்டேயிருந்தார். ஒருவர் காதோடு பேசிக்கொண்டிருக்கும்போதே மற்றொருவர் நீட்டிய தாளைக் கை வாங்கிக்கொண்டிருந்தது. நண்பருடைய மனுவை முழுவதும் படித்துவிட்டு, மருத்துவமனைச் சான்று இணைக்கப்படவில்லை என்று அவரே சுட்டிக்காட்டி, ஓரத்தில் இரண்டு வரி எழுதி உதவியாளரிடம் கொடுத்தார். யார், எந்தக் கட்சி என்ற கேள்வியே எழவில்லை. எங்களுக்கு முன்னால் நின்றிருந்தவர் செங்கொடித் தொழிற்சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர் என்று நண்பர் பிறகு சொன்னார்.

மறுமொழி 2 – பழைய கோப்பு

மேலே உள்ள மறுமொழி சொல்லும் நற்பண்புகளை நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றைச் சட்டமன்றப் பணி என்று கணக்கில் எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தமிழ்நாட்டு வருவாய்த்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மனுநீதி நாள் மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். சிகிச்சை உதவிக்கோ பட்டாவுக்கோ ஒருவர் சட்டமன்ற உறுப்பினரின் வீட்டு முற்றத்துக்குப் போகவேண்டியிருக்கிறது என்றால், கீழே இருக்கும் அலுவலகம் தன் வேலையைச் செய்யவில்லை என்றுதான் பொருள்.

2011க்குப் பிறகு முதலமைச்சராக அவர் மாவட்டந்தோறும் நடத்திய ஜனசம்பர்க்கம் என்ற மக்கள் குறைகேட்பு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை வரைகூட நின்றுகொண்டு ஆயிரக்கணக்கானவர்களைச் சந்தித்தார். 2013இல் ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச்சேவை விருதும் அதற்குக் கிடைத்தது. ஆனால் கிராம அலுவலர் செய்யவேண்டிய வேலையை முதலமைச்சர் செய்கிறார் என்று எதிர்க்கட்சியினர் செய்த கேலியில் உண்மை இருந்தது. நோயாளிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் வெயிலில் ஒரு மைதானத்துக்கு வரவழைத்துத்தான் அவர்களுக்குரியதை வழங்கவேண்டுமா? திரும்பத் திரும்ப வந்த குறைகளைக் கண்டு சில விதிகளையே மாற்றி அரசாணைகள் பிறப்பித்தார்கள் என்பது உண்மை. என்னைக் கேட்டால் அந்த நிகழ்ச்சியில் பாராட்டத்தக்க பகுதி அதுதான். மீதியெல்லாம் ஒருவருடைய கருணையைச் சார்ந்தது. அவர் இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

மறுமொழி 3 – அவைக்குறிப்பு

பழைய கோப்பு ஐயாவின் வாதம் வலுவானது. ஆயினும் மனு வாங்கியவர் ஒருவர், அவைக்குள் அரசியல் செய்தவர் வேறொருவர் என்று பிரித்துவிட முடியாது.

உம்மன் சாண்டி பெரிய பேச்சாளர் அல்லர். அவருடைய திறமை எண்ணிக்கையைக் கையாள்வதில் இருந்தது. 2011இல் 140 உறுப்பினர் கொண்ட அவையில் அவருடைய முன்னணிக்குக் கிடைத்தவை 72 இடங்கள். பெரும்பான்மைக்கு 71 தேவை. எதிரே 68 பேர். சில மாதங்களிலேயே அமைச்சர் டி.எம். ஜேக்கப் காலமானார். பிறவம் இடைத்தேர்தலில் தோற்றிருந்தால் அரசு நூலிழையில் தொங்கியிருக்கும். அங்கே ஜேக்கப்பின் மகன் வென்றார். பிறகு நெய்யாற்றின்கரையின் மார்க்சிஸ்ட் உறுப்பினர் செல்வராஜ் பதவி விலகி, காங்கிரஸ் வேட்பாளராக நின்று வென்றபோது எண்ணிக்கை ஒன்று கூடியது. அந்தக் கட்சி மாற்றத்தை நான் நல்ல முன்மாதிரியாகக் கருதவில்லை. இருந்தாலும் முஸ்லிம் லீக், மாணியின் கேரள காங்கிரஸ், சிறு கட்சிகள் எல்லாவற்றையும் கட்டிக்காத்து ஐந்தாண்டுகளை நிறைவு செய்தது சாதாரணக் காரியம் அன்று.

அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. மதுக்கூட உரிமம் தொடர்பாக நிதியமைச்சர் மாணிமீது லஞ்சப் புகார் எழுந்தபோது அவரை உடனே விலக்கும் வலு முதலமைச்சருக்கு இல்லை. 2015 மார்ச் 13 அன்று மாணி வரவுசெலவுத் திட்டத்தை வாசிக்க வந்தபோது எதிர்க்கட்சியினர் சபாநாயகரின் இருக்கையையே கவிழ்த்தார்கள். மாணி விலகியது அந்த ஆண்டு நவம்பரில், உயர்நீதிமன்றத்தின் கண்டனத்துக்குப் பிறகுதான். சூரிய மின்தகடு அமைத்துத் தருவதாகப் பணம் வாங்கி ஏமாற்றிய சோலார் விவகாரத்தில் தலைமைச் செயலகம் முற்றுகையிடப்பட்டபோது நீதி விசாரணைக்கு ஒப்புக்கொண்டார். பதவியிலிருக்கும் முதலமைச்சராகவே 2016 ஜனவரியில் அந்த ஆணையத்தின் முன் அமர்ந்து நாள் முழுவதும் சாட்சியம் அளித்தார். அதே விவகாரத்தை ஒட்டி அவர்மீது எழுந்த பாலியல் புகாரில் ஆதாரம் இல்லை என்று சிபிஐ சொன்னது 2022 இறுதியில்; அதற்குள் அவர் நோயாளியாகிவிட்டிருந்தார்.

பதவி விலகவும் அவருக்குத் தெரியும். கருணாகரன் அமைச்சரவையில் 1991 முதல் நிதியமைச்சராக இருந்தவர், தலித் தலைவரான எம்.ஏ. குட்டப்பனுக்கு மாநிலங்களவை இடம் மறுக்கப்பட்டதைக் காரணம் காட்டி 1994 ஜூனில் வெளியேறினார். கோஷ்டிச் சண்டை அதில் இல்லை என்று சொல்லமாட்டேன். கருணாகரனுக்கு எதிரான ஆண்டனி அணியின் தளபதியே அவர்தான். அதன் பிறகு 2004 ஆகஸ்டில் முதலமைச்சராகும் வரை பத்தாண்டுகள் அவர் அமைச்சர் பதவி எதிலும் இல்லை. 53 ஆண்டுகளில் ஆட்சிப் பொறுப்பில் இருந்த காலம் கால் பங்குக்கும் குறைவு. 2006 முதல் 2011 வரை எதிர்க்கட்சித் தலைவராக இருந்ததை விட்டால், மீதிக் காலமெல்லாம் வெறும் உறுப்பினர்தான். அந்த ஆண்டுகளில் தொகுதிக்காரர்களிடம் காட்டுவதற்கு அவரிடம் இருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை முற்றம் ஒன்றுதான்.

மறுமொழி 4 – மீனச்சிலாற்றங்கரை

கடைசி வரியை ஏற்கிறேன். பொருநை வாசகன் பேசும்போது பயன்படக்கூடிய இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

பாலா தொகுதியின் கே.எம். மாணி 13 முறை வென்றவர். உம்மன் சாண்டி 12 முறை. ஆனாலும் கேரள அவையில் மிக அதிக நாட்கள் உறுப்பினராக இருந்தவர் என்ற பெருமை 2022 ஆகஸ்டில் மாணியிடமிருந்து உம்மன் சாண்டிக்கு வந்தது. எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காததால் 1965இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை கூடாமலேயே கலைக்கப்பட்டது. எனவே மாணியின் முதல் வெற்றி, உறுப்பினராக இருந்த நாட்களின் கணக்கில் சேராது. இருவரும் கோட்டயம் மாவட்டத்துக்காரர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

அடுத்தது 2023 செப்டம்பர் இடைத்தேர்தல். மகன் சாண்டி உம்மன் 37,719 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றதைத் தந்தையின் செல்வாக்குக்கு அளவுகோலாகப் பலர் காட்டுகிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து புறப்பட்ட இறுதி ஊர்வலம் ஒரு பகலும் ஓர் இரவும் கழித்து மறுநாள் காலையில்தான் கோட்டயம் வந்து சேர்ந்தது. அந்தக் கூட்டம் கலைந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில் நடந்த தேர்தல் அது. 2021இல், தந்தையே வேட்பாளராக நின்றபோது, வித்தியாசம் 9,044 ஆகக் குறைந்திருந்தது. ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய சபைகளுக்கு இடையிலான தேவாலயத் தகராறு அதற்கு ஒரு காரணம். இடது முன்னணிக்கு மாநிலம் முழுவதும் வீசிய ஆதரவு அலை மற்றொன்று. அவருடைய செல்வாக்கை அளக்க இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் 2021ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.