காட்டுச் சூரியகாந்தி என்று நான் கொண்டுவந்த செடி

போன ஐப்பசியில் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது வளைவுக்கு வளைவு மஞ்சள் பூ. ஆளுயரத்துக்கு மேல் புதர் புதராக நின்றது. "காட்டுச் சூரியகாந்திங்க" என்றாள் மனைவி. வண்டியை ஓரங்கட்டி, காய்ந்த பூ ஒன்றைப் பிய்த்துப் பார்த்தேன். கொழுத்த விதை இருக்கும் என்று நினைத்தால், சீரகம் மாதிரி ஒல்லி ஒல்லியாக உதிர்ந்தது.

அப்போதுதான் சந்தேகம் வந்தது. சூரியகாந்தி இலை வெற்றிலை போல முழுசாக இருக்கும். இதில் பல இலைகள் மூன்றும் ஐந்துமாகப் பிளந்திருந்தன. பூவுக்குக் கீழே காம்பு புனல் மாதிரி விரிந்திருந்தது. விரலால் அழுத்தினேன், பொதுக்கென்று அமுங்கியது. உள்ளே வெறும் பொந்து. வீட்டுக்கு வந்து தேடியதில் பெயர் கிடைத்தது: டித்தோனியா டைவர்சிஃபோலியா. சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா. சூரியகாந்திக்குப் பங்காளிதான், ஆனால் சூரியகாந்தியின் பேரினமான ஹீலியாந்தஸ் இல்லை.

விதையை நம்பவில்லை. கட்டைவிரல் தடிமனில் மூன்று குச்சி ஒடித்து வந்து, கோவை வீட்டுச் செம்மண்ணில் சாய்த்து நட்டேன். ஒன்று காய்ந்துவிட்டது. மற்ற இரண்டும் இன்று மதில் சுவரைத் தாண்டி நிற்கின்றன. யாராவது வளர்த்திருக்கிறீர்களா?

*

அண்ணா, நான் இலங்கையில் ஹட்டன் பக்கம். சிங்களத்தில் இதை "வல் சூரியகாந்த" என்பார்கள். எங்கள் தோட்டத்தில் கான் (வடிகால்) ஓரமெல்லாம் இதுதான். பூக்கும் முன்பே இளங்கொப்பை வெட்டி மரக்கறிப் பாத்தியில் புதைப்பார் அப்பா. ஒரு கிழமையில் கறுத்து நசிந்துவிடும். பூத்த பிறகு வெட்டினால் தண்டு முற்றி, லேசில் மக்காது. பூவுக்காக விட்டுவைக்க வேண்டுமென்று தங்கச்சி அழுததெல்லாம் உண்டு.

*

மேலே சொன்னது சரிதான். கென்யாவின் மேற்குப் பகுதியில் மக்காச்சோளத்துக்கு இதையே தழையுரமாகப் போடுகிறார்கள். காய்ந்த இலையில் தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் 3.5 சதவீதம், சாம்பல்சத்து (பொட்டாசியம்) 4 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. வேலியில் சும்மா நிற்கிற செடிக்கு இது பெரிய விஷயம்.

*

உரம் சரி, கொஞ்சம் ஜாக்கிரதை. நான் கொடைக்கானல் மலையில் பண்ணைக்காட்டில் கவ்வாத்து பண்ணிய குச்சிகளை மழைக்காலத்தில் வேலியோரம் குவித்துவிட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்தால் குவியலே வேர் பிடித்துத் துளிர்த்திருந்தது. கிணற்றுக்குப் போக இப்போதும் அரிவாள் வேண்டும். மலையில் இருப்பவர்கள் ஓடையோரம், சோலையோரம் நடவே நடாதீர்கள்.

*

நன்றி நண்பர்களே. நேற்றுதான் வெட்டி மூலையில் போட்டிருந்தேன். இலையை உருவி முருங்கைக்குப் போட்டாயிற்று. குச்சியெல்லாம் இப்போது மொட்டைமாடி வெயிலில் கிடக்கிறது.