குப்பிக்கு நின்றவர்களும் பஸ்ஸில் படித்தவர்களும்

வந்தாறுமூலைக்காரன்:
வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் எங்கள் பட்சுக்குக் குப்பி (சீனியர்கள் ஜூனியர்களுக்கு எடுக்கும் வகுப்பு) எடுக்க வந்த அக்கா கொஞ்சம் கண்டிப்பான ஆள். மற்ற சீனியர்கள் பாஸ்ட் பேப்பரைச் செய்து காட்டுவார்கள், நாங்கள் பார்த்து எழுதுவோம். இவர் வந்ததும் "கொப்பிய மூடுங்க" என்றார். ஒருத்தனைக் கூப்பிட்டு, போன கிழமை லெக்சரில் படித்த நியம விலகலை (தரவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்ற அளவை) போர்ட்டில் விளங்கப்படுத்தச் சொன்னார். சூத்திரம் வந்தது. விலகலை ஏன் வர்க்கமாக்குகிறோம் என்று கேட்டதும் சோக்கட்டி நின்றுவிட்டது. இடையிலிருந்து, அதாவது சராசரியிலிருந்து, வரும் விலகல்களை அப்படியே கூட்டினால் பூச்சியம்தானே வரும் என்று கடைசி வாங்கிலிருந்து ஒருத்தன் சொன்ன பிறகுதான் நகர்ந்தது. "சரி, இந்த இடத்த மட்டும் இண்டைக்குப் படி. மற்றதெல்லாம் உனக்குத் தெரியும்" என்று அனுப்பினார். எங்களுக்கு நேரம் மிச்சமானது அப்படித்தான்.

2006-ல் உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் வெளியிட்ட ஆய்விலும் இதே விஷயம் இருக்கிறது. படித்து 5 நிமிடத்தில் கேட்டால் திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்கே கூடுதல் ஞாபகம். ஒரு கிழமை கழித்துக் கேட்டால், பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். விடிய விடிய வாசித்தவன் காலையில் கெட்டிக்காரனாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை.

25 நிமிடம் படித்து 5 நிமிடம் ஓய்வெடுக்கும் பொமோடோரோ ஹாஸ்டலில் எனக்குச் சரிவரவில்லை. அந்த 5 நிமிடத்தில் ஒருத்தன் தேத்தண்ணியோடு அறைக்கு வந்தால் முடிந்தது கதை.

ஒலுவில் மாணவி:
நான் கல்முனையிலிருந்து ஒலுவில் கம்பஸுக்குப் போய் வருகிறவள், பின்னேரக் குப்பிக்கு நிற்க முடியாது. அக்கரைப்பற்று பஸ்தான் எனக்குக் குப்பி. காரைதீவு வரும்வரை முந்தின நாள் லெக்சரைக் கொப்பி பார்க்காமல் மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். சீட் கிடைத்தால் நிந்தவூர் தாண்டுமுன் விடுபட்டதைத் தேடுவேன். வீட்டுக்குப் போனால் தம்பியின் கார்ட்டூன், உம்மாவின் அடுப்படி வேலை.

நோன்பு மாதத்தில் சோதனை வந்தால் கணக்கே வேறு. சஹர் சாப்பிட்டு சுபஹ் தொழுத பிறகு வீடே தூங்கிவிடும், யாரும் கூப்பிடமாட்டார்கள். கஷ்டமான பாடம் எல்லாம் அப்போதுதான். எசைன்மென்ட் டைப் பண்ணுவது போன்ற வேலைகள் நோன்பு திறக்க முந்திய களைப்பு நேரத்துக்கு.

வந்தாறுமூலைக்காரன்:
தங்கச்சி, மனதுக்குள் சொல்லும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், கவனம். பஸ்ஸால் இறங்கியதும் யாராவது சினேகிதிக்கு வொய்ஸ் போட்டுப் பாருங்கள்.

ஒலுவில் மாணவி:
போட்டேன் அண்ணா. பாதியை அவள் திருத்தி அனுப்பியிருக்கிறாள்.